எரிச்சல் நின்ற கால்

கொரோனா அடங்கி, கடை கண்ணி எல்லாம் பழையபடி திறந்த வருடம். வடசென்னையில், எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பில் நடந்தது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. ஒரே அறை, ஓரத்தில் சமையல். நானும் வீட்டுக்காரரும்தான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

நான் மீன் விற்கிறவள். விடியும் முன்னே காசிமேடு போய் ஏலத்தில் எடுப்பேன். திருவொற்றியூரில் தெருமுனையில் உட்கார்ந்து விற்பேன். சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரை போடுவேன். சில நாள் மறந்துபோகும்.

சர்க்கரையில் எனக்குப் பெரிய கஷ்டம் படுக்கைதான். பகலில் கால் சும்மா இருக்கும். படுத்தால் பாதம் எரியும். மிளகாய்த்தூளை மிதித்தது போல. போர்வை பட்டாலும் எரியும். கட்டிலில் மெத்தை சூடு. பாய் போட்டுப் பார்த்தேன். வெறும் தரையில் பார்த்தேன். ஈரத்துணி சுற்றிப் பார்த்தேன், துணி காய்ந்ததும் விழிப்பு வந்துவிடும். நான் புரளுவதில் வீட்டுக்காரருக்கும் தூக்கம் போனது.

"உன் காலுக்குத் தனியா ஒரு வூடு வாடகைக்குப் பாக்கட்டா?" என்பார்.

கடைசியில் வாசலில்தான் இடம் கிடைத்தது. தலை உள்ளே, பாதம் வாசற்படி தாண்டி வெளியே. பொது நடையில் சிமெண்ட் தரை ஜில்லென்று இருக்கும். கடல் காற்றும் வரும். பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பேன். மீன் கூடையையும் அங்கேதான் கதவோரம் கவிழ்த்து வைப்பேன். வீட்டுக்குள் கவிச்சி வேண்டாம் என்று.

எதிர்வீட்டுப் பெண் மணலியில் ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். ராத்திரி திரும்பி வரும்போது என் காலைத் தாண்டிக்கொண்டு போவாள். "உன் வூட்டுக்குப் பூட்டே வோணாம் யக்கா. காலு ரெண்டும் காவலுக்கு கீது" என்பாள்.

அப்படிப் படுத்தும் கொஞ்ச காலம் எரிந்தது. பிறகு குறைந்தது. ஒரு கட்டத்தில் எரிச்சலே இல்லை. படுத்தால் செல்போன் அலாரத்துக்குத்தான் எழுவேன். முகம் தெளிந்துவிட்டது என்றார்கள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாத்திரைக்கு அடங்காதது வாசல் காற்றுக்கு அடங்கியது என்று நினைத்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான் எழுந்தேன். விளக்கு போட்டால் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். இருட்டிலேயே முகம் கழுவி, செருப்பு மாட்டி, கூடையோடு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

காசிமேட்டில் தரை எப்போதும் ஈரம். ஐஸ் தண்ணீர், மீன் ரத்தம், செதில். எல்லார் காலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எடுத்த மீனைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எப்போதும் நிற்கும் மீன்காரி என் செருப்பைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காலெல்லாம் ரத்தம்?"

"அங்க வஞ்சிரம் வெட்டிகினு இருந்தாங்க. தெறிச்சிருக்கும்."

ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மறுபடியும் சிவந்தது. இன்னொரு குவளை ஊற்றினேன்.

"மீன் ரத்தம்னா கழுவுனா போயிடும். இது வந்துகினே கீது. காலத் தூக்கு."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கட்டைவிரல் நுனியில் சதை இல்லை. அடுத்த விரலில் சின்னச் சின்னதாகப் பல் தடம். மீன் வெட்டியே கை காய்த்தவள் நான். சதை பிய்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். அது என் கால் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. துளி வலி இல்லை.

"எலி" என்றாள் அவள். "கடிக்கிற வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்த? முழிச்சிக்கலியா?"

நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

தன் மீனையும் என் மீனையும் அப்படியே போட்டுவிட்டு, அவளே என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா சின்ன வயது. காயத்தைக் கழுவிக்கொண்டே, பாதத்தில் எரிச்சல் உண்டா என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"முன்ன இருந்துச்சும்மா. இப்ப சுத்தமா நின்னுடுச்சி."

அவர் கை நின்றது. முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். பாதத்தில் ஊசியால் லேசாகக் குத்துவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். சுவரைப் பார்த்தபடி காத்திருந்தேன். அவர் ஒன்றும் செய்கிற மாதிரி தெரியவில்லை.

"எப்பம்மா குத்துவ?"

"நாலஞ்சு இடத்துல குத்திட்டேன்மா."

திரும்பி என் பாதத்தைப் பார்த்தேன். எரிச்சல் ஆறவில்லை, நரம்பு செத்துவிட்டது என்று சொன்னார். புண் உள்ளே இறங்கினால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்றார். ஒற்றைக் காலில் நின்று கூடையை எப்படித் தூக்குவது என்றுதான் எனக்கு ஓடியது.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் வந்து பார்த்து அழுதாள். எலி கடித்த அன்று காலை நடையில் கிடந்த ரத்தத்தை மீன் தண்ணீர் என்று நினைத்து, என்னைத் திட்டிக்கொண்டே கழுவிவிட்டாளாம். அவளைச் சொல்லி என்ன. என் காலில் வழிந்ததை நானே மீன் ரத்தம் என்றுதானே சொன்னேன்.

புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. கட்டைவிரல் பாதி போனது. பாதம் தப்பியது.

இப்போது கட்டிலில் படுக்கிறேன். கதவு சாத்தியிருக்கும். கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுவோம். மீன் கூடையைக் கழுவி மொட்டைமாடியில் வைத்துவிடுவேன். தரையில் இப்போது வீட்டுக்காரர் படுக்கிறார். விளக்கை அணைக்கும் முன் செல்போன் வெளிச்சத்தில் என் பாதத்தைப் பார்ப்பார். விரல் இடுக்கு ஒன்று விடமாட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு உன் மூஞ்சியக்கூட இப்டிப் பாத்ததில்ல" என்பார்.

இடது குதிகாலின் ஓரத்தில் மட்டும் ஓர் இடம் இன்னும் எரிகிறது. ஒரு காலத்தில் அந்த எரிச்சலிலிருந்து தப்பிக்கத்தான் வீடு முழுக்கப் படுக்க இடம் தேடினேன். இப்போது அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன்.