பின்வாசல் மூடியே இருந்தது

அலாரக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கடை, வங்கி, கிடங்கு என்று இருபத்திரண்டு வருஷமாகத் திருட்டு அலாரப் பெட்டி மாட்டுகிறவர். சுத்தமான கை. பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு வயரிலும் அவர் எழுதிய சீட்டு இருக்கும்: முன்வாசல், பின்வாசல், ஜன்னல், சைரன். வயரின் கடைசி முனையில், கதவுக்குப் பக்கத்தில்தான் ரெசிஸ்டரை வைப்பார். அரிசி அளவுதான் அது. ஆனால் வயரை யாராவது அறுத்தாலும், அதன் இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கினாலும் பெட்டி கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். சோம்பேறிகள் அதைப் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போவார்கள். அவர்களை இவர் ஆளாகவே மதிப்பதில்லை. அதற்கு ஒரு பொம்மையை மாட்டிவிட்டுப் போகலாமே என்பார்.

அப்படிப் பேசிய வாய்தான்.

இவர் பெட்டி மாட்டிய ஒரு மோட்டார் கிடங்கில் பின்வாசல் சென்சார் பழசாகி, காற்றடித்தாலே சைரன் அலறியது. பக்கத்துக் கட்டடத்து டாக்டர் சண்டைக்கு வந்துவிட்டார். புது சென்சார் வேண்டும் என்று இவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் பார்க்கலாம், இன்றைக்குச் சத்தத்தை நிறுத்துங்கள் என்றார் மேனேஜர். இவர் பின்வாசல் வயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரை முறுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. இனி அந்தக் கதவையே பெயர்த்துக்கொண்டு போனாலும் பெட்டிக்குப் பின்வாசல் மூடியே இருக்கும். அடுத்த வாரம் எட்டு மாசமாக இழுத்தது. இவர் மறந்துவிட்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பன்னிரண்டு மோட்டார்கள் காணாமல் போயின. பூட்டு எதுவும் உடைந்திருக்கவில்லை. முன்வாசலில் காவலுக்கு இருந்தவர் அலாரக்காரரின் தங்கை புருஷன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். பெட்டியில் பதிவானதை எடுத்துப் பார்த்தார்கள். பின்வாசல் திறக்கவே இல்லை. முன்வாசல் மட்டும், காவல்காரர் அலாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே சுற்றிப் பார்க்கப் போனபோது, மூன்று முறை திறந்திருந்தது. பிறகென்ன, ஒன்று அவர் கூட்டு, இல்லையென்றால் தூங்கியிருக்கிறார்.

பெட்டியைச் சோதிக்க அலாரக்காரரைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்ததும் பின்வாசல் என்ற தன் கையெழுத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும், சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போவார். பக்கத்தில் நின்ற மேனேஜர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பெட்டி சரியா இருக்குன்னு எழுதிக் குடுங்க. சரியில்லன்னா ஏன் சரியில்லன்னு நாம ரெண்டு பேரும் எழுத வேண்டி வரும்."

இவர் சோதனைப் பொத்தானை அழுத்தினார். சைரன் அலறியது, சிவப்பு விளக்கு சுழன்றது, கன்ட்ரோல் ரூமுக்குப் போனும் போனது. வெளியே போகிற வயர்களில் ஒரு குறையும் இல்லை. கதவிலிருந்து உள்ளே வருகிற வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தார்.

மாப்பிள்ளையை மூன்று நாள் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்து அனுப்பினார்கள். வேலை போனது. தங்கை மட்டும் அசையவில்லை. என் புருஷன் தூங்குகிற ஆளில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சண்டை போட்டாள்.

ஒரு மாதம் தள்ளித்தான் இவருக்கு அந்த வீட்டுப் படியேறத் தைரியம் வந்தது. தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"உங்க கை வேலை எனக்குத் தெரியும் மச்சான். நீங்க மாட்டின பெட்டி பொய் சொல்லாது. நான் கண் அசந்ததா ஞாபகமே இல்ல. ஆனா அசந்திருக்கணும்."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார்தான்.

"சில நேரம் அப்படி ஆயிடும், மாப்ள."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். பிறகு, அன்றைக்குத்தான் முதல்முறையாக, புருஷனைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.