சந்தனம் வைத்த துவக்கு

எங்கள் வீட்டில் இருந்தது யானை சுடுகிற துவக்கு. நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான கிளென் வேவர்லியில் யானை இல்லை என்பதை எனக்கு எடுத்துச் சொல்லாத நண்பர் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் முன்பே அந்தப் பகிடியைச் சொல்லிவிடுவார்கள். நானும் முதல்முறை கேட்கிறவன்போலச் சிரித்து வைப்பேன். ஏன் வாங்கினேன் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

நான் இடதுகைக்காரன். கட்டட வரைபடம் கீறுவது என் தொழில். சின்ன வயதில் இடதுகையால் பென்சிலைப் பிடித்ததற்காக வாத்தியாரின் அடிமட்டத்தால் வாங்கிய அடிகளை இன்னும் மறக்கவில்லை. வளர்ந்த பிறகும் கத்தரிக்கோலில் இருந்து டின் திறக்கும் கருவி வரைக்கும் எல்லாம் மற்றவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்ற கடுப்பு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. துவக்கும் அப்படித்தான். ஒருமுறை சுட்டதும் பின்னால் இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றுகிற கம்பியைப் போல்ட் என்பார்கள். அதன் கைப்பிடி எப்போதும் வலப்பக்கம்தான் இருக்கும். இடதுகைக்காரன் ஒவ்வொரு முறையும் துவக்குக்கு மேலால் கையை வளைத்துக்கொண்டு போகவேண்டும்.

பழைய துவக்கு விற்கிற கடையொன்றில், எல்லாருடைய கையும் பட்டுத் திரும்பவும் மூலையில் சாத்தப்பட்டிருந்த இதை எடுத்தேன். போல்ட் இடப்பக்கம் இருந்தது.  நூறு வருடத்துக்கு முன்பு, காட்டெருமையும் யானையும் சுடப்போன எவனோ ஒரு இடதுகைக்காரன் சொல்லிச் செய்வித்திருக்கிறான். இப்படிப்பட்டது ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடைக்காது என்றார் கடைக்காரர். குழலின் நுனியில், அரையிருட்டிலும் குறி தெரிவதற்காக யானைத் தந்தத்தில் ஒரு சின்ன வெள்ளை மணி பதித்திருந்தது. தோளில் வைத்துப் போல்டை மூடினேன். கை தானாகப் போன இடத்தில் கைப்பிடி இருந்தது. என்னை யாரோ மன்னித்துவிட்டதுபோல இருந்தது.

லைசென்ஸ், அனுமதி, நிலத்தோடு பூட்டி இறுக்கிய இரும்புப் பெட்டி எல்லாம் முறைப்படி செய்தேன். என் மனைவி ஒன்றுக்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பெட்டி இருந்த அறைக்குள் அவள் கால் வைக்கவும் இல்லை. அந்த அறையில் இருந்த தையல் மெசினை அன்றைக்கே வரவேற்பறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுடைய சின்ன வயது வன்னியில் கழிந்தது. எத்தனை துவக்குச் சத்தம் கேட்டாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நான் இடம்பெயர்ந்து கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து இங்கே வந்தவன். எனக்குத் துவக்கு ஒரு இயந்திரம். அவளுக்கு அது என்னவென்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் துவக்கின் தோட்டா என் நடுவிரலைவிட நீளம். கடையில் கிடைக்காது, நாமே வெடிமருந்தை நிறுத்து அடைக்கவேண்டும். முதன்முதல் சுட்டபோது சத்தத்தை நான் காதால் கேட்டதாக நினைவில்லை, நெஞ்சால்தான் கேட்டேன். பிடியின் அடியில் இருந்த ரப்பர் கல்லாய் இறுகிப்போயிருந்ததால் தோள் கன்றி நீலமாகியது. வீட்டில் சேர்ட்டைக் கழற்றும்போது அவள் கண்டுவிட்டாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டீர்கள் என்று சொல்லி, எண்ணெய் சூடாக்கிப் பூசினாள். கை தோளில் இருந்தது, முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒருநாள் நான் சுடுறதை வந்து பாரும்," என்றேன். "பார்த்த பிறகும் வேண்டாம் எண்டால் நான் வித்துப்போடுறன். பிறகு ஒரு கதையும் இல்லை."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். பிறகு, சரஸ்வதி பூசை முடிய வாறன் என்றாள். அன்றிலிருந்து என் துவக்கின் தலைவிதி அவள் கையில் இருந்தது. அதை நான்தான் கொடுத்தேன் என்றாலும் உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

பூசைக்கு வழக்கம்போல மகளின் லேப்டாப், என் கீறும் பேனைகள், தையல் மெசின், குசினிக் கத்தி எல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த மனைவி, நிமிராமலே, அதையும் கொண்டுவந்து வையுங்கோ என்றாள். எதை என்று கேட்டேன். ஆயுதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பூசைக்கு வைக்காமல் விடுவது சரியில்லை என்றாள். அவள் இறங்கி வருகிறாள் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்து, போல்டைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, துவக்கை மட்டும் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் கிடத்தினேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மரத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அவரோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத் திரும்பினேன். துவக்கின் பிடியிலும் தந்த மணிக்குப் பக்கத்திலும் பொட்டு வைத்திருந்தது. மனைவி கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் நின்ற அந்த நேரத்தில் அவள் செய்தது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சட்டை தைத்து மிஞ்சிய துணியில் ஒரு துண்டு வெட்டி, மஞ்சள் தண்ணீரில் முன்பே நனைத்து வைத்திருந்தாள். அதைச் சந்தனத்தில் தோய்த்து உருட்டி, குழலின் வாய்க்குள் திணித்து, வெளியே தெரியாதபடி பின்னல் ஊசியால் உள்ளே தள்ளிவிட்டாள். இந்த வீட்டில் இது வாய் திறக்கக்கூடாது, என் புருஷனுக்கு இதால் ஒன்றும் வரக்கூடாது என்று அம்மனிடம் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

பூசைக்கு வைத்ததை விஜயதசமிக்கு முன்பு எடுப்பதில்லை. ஆனால் துவக்கை இரவில் வெளியே விட இந்த நாட்டுச் சட்டம் இடம்கொடுக்காது. பெட்டியைச் சோதிக்கப் பொலிஸ் முன்னறிவிப்பு இல்லாமலும் வருவார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் இதைச் சொன்னேன். அவளோ, பூட்டுங்கோ என்று உடனே சொல்லிவிட்டாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

விஜயதசமிக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே இருக்கிற சுடுகளத்துக்குப் போனோம். வழி முழுக்க அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். புதிதாக வருகிறவர்கள் முதலில் பாதுகாப்பு விளக்கம் கேட்கவேண்டும் என்பது அங்கே விதி. பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் தாடிக்கார மனிதர் ஒருவர் அவளையும் வேறு நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போனார். நீர் கேட்டுக்கொண்டிரும், நான் ஆயத்தப்படுத்துறன் என்று சொல்லிவிட்டு நான் மேசைக்கு வந்தேன்.

சுடுவதற்கு முன்பு குழலுக்குள் வெளிச்சம் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்குப் பார்க்கவில்லை. நானே துடைத்தது, நானே பூட்டியது. வெளியில் இருந்த சந்தனப் பொட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போல்டைப் பூட்டினேன். மனைவி பார்க்க வந்திருக்கிறாள், அவள் கொட்டகையை விட்டு வரும்போது இலக்கின் நடுவில் ஓட்டை இருக்கவேண்டும் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது ஆனைத் துவக்கோடு.

சிவப்பு விளக்கு எரிந்தது. இனி மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒருவரும் வரக்கூடாது. காதுக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன். பக்கத்து மேசைகளில் சின்னத் துவக்குகள் வெடிக்கத் தொடங்கின. ஒரு தோட்டாவை ஏற்றிப் போல்டை மூடினேன். பிடியைத் தோளில் அழுத்தி, கன்னத்தை மரத்தில் பதித்து, தந்த மணியைக் குறியின் அடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். மூச்சைப் பாதி விட்டேன். விசை கனமானது, மெல்ல மெல்லத்தான் அழுத்தவேண்டும். அழுத்தத் தொடங்கினேன்.

கொட்டகைக்குள் அந்த நேரம் தாடிக்காரர் சுவரில் தொங்கிய ஒரு துவக்கைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதன் குழல் வாழைப்பழத் தோல்போல உரிந்து விரிந்திருந்ததாம். குழலுக்குள் சேறு, குளவிக் கூடு, துடைத்த துணி, எது அடைத்திருந்தாலும் சுட்ட சன்னம் வெளியே போகாது, குழல்தான் வெடிக்கும், பிடித்துக்கொண்டிருப்பவனின் முகத்துக்குத்தான் வரும் என்று விளக்கியிருக்கிறார். துணியுமா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். துணிதான் மோசம் என்றாராம். அதற்கு முன்பு அவர் சொல்லிக்கொடுத்த இன்னும் இரண்டு விஷயங்கள் அவளுக்கு நினைவிருந்தன. சுடுகிறவரை ஒருபோதும் தொடக்கூடாது. ஆபத்தைக் கண்டால் யாரும் நிறுத்தச் சொல்லிக் கத்தலாம், எல்லாரும் நிறுத்தியே ஆகவேண்டும்.

"சீஸ் ஃபயர்!"

காதுக்கவசத்தையும் கடந்து அது வந்தது. யாருடைய குரல் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஊதுகுழல் ஒலித்தது. என் விரல் விசையில் பாதி வழியில் இருந்தது. அதை எப்படி வெளியே எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

போல்டைத் திறந்து தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தேன். களப் பொறுப்பாளரான பெண் விரைந்து வந்தார். என் மனைவி மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நின்றாள், கைப்பை நிலத்தில் கிடந்தது. அந்தக் குழலுக்குள் துணி இருக்கிறது, நான்தான் வைத்தேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்.  பொறுப்பாளர் துடைக்கிற கம்பியைப் பின்பக்கத்தால் விட்டுத் தள்ளினார். முதலில் நகரவில்லை. இன்னும் அழுத்தினார். குழல் வாயால் மஞ்சள் உருண்டை ஒன்று வந்து மேசையில் விழுந்தது. சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. வெடிமருந்துப் புகைக்குள் அதன் வாசம் எழும்பியது.

எனக்கு முதலில் வந்தது கோபம். பயம் பிறகுதான் வந்தது, வந்தபோது வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள் என்று பொறுப்பாளர் மரியாதையாகச் சொன்னார். அந்த உருண்டையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என் மனைவி எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு நான் வாய் திறந்தேன். என்னைக் கொல்லப் பார்த்தீரோ என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பங்கருக்குள்ள இருக்கேக்க அம்மா எங்களைக் கும்பிடச் சொல்லுவா," என்றாள். "எல்லாத் துவக்கின்ர வாயும் அடைபட வேணும் எண்டு கும்பிடுங்கோ, அப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது எண்டு. நான் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக் கும்பிட்டனான். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேண்டுதல்தான். அதைத்தான் உங்களுக்கும் செய்தனான்."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"வாய் அடைபட்டால் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவனுக்கு என்ன நடக்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்," என்றாள். "அவங்களுக்கும் வீட்டில ஆரோ ஒருத்தி இருந்திருப்பாள்."

 அவளுடைய சின்ன வயதுத் துவக்குகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததெல்லாம் பொய் என்று விளங்கியது. கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். வீடு வரும்வரை விடவில்லை.

முடிவு அவளுடையது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு கிழமை கழித்து, விப்பம் என்றாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்தத் துவக்குக்குப் பதிலாக இன்னொன்று இந்த நாட்டில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். கொஞ்ச நாளில் கடைக்காரர் கூப்பிட்டு ஆள் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட வாருங்கள் என்றார். நானும் வாறன் என்று அவள் செருப்பை மாட்டினாள்.

வாங்க வந்தவர் நெட்டையான ஒரு பண்ணைக்காரர். துவக்கை எடுத்துத் தோளில் வைத்து, இடதுகையால் போல்டை மூடியதும் அவர் முகம் மாறியது. என் முகமும் அன்றைக்கு அப்படித்தான் மாறியிருக்கும். எனக்கு வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கையெழுத்தெல்லாம் முடிந்து அவர் துவக்கை உறைக்குள் வைக்கப்போனார்.

என் மனைவி குறுக்கே போய் நின்றாள். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன்பு குழலுக்குள் பார்க்கவேண்டும் என்று அவரிடம் சொன்னாள். அவர் சிரித்து, சின்ன வயதிலிருந்தே சுடுகிறேன், அதெல்லாம் தெரியும் அம்மணி என்றார்.

அவள் வழிவிடவில்லை. இப்போதே பார்க்கச் சொன்னாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அந்த மனிதர் சிரிப்பை விட்டுவிட்டு, போல்டைக் கழற்றி, குழலை யன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்து, வெளிச்சம் தெரிகிறது என்றார்.

வீட்டில் உமக்கு யார் இருக்கினம் என்று அவள் கேட்டாள். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் என்றார் அவர். அவள் தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டாள்.