நான் இழுத்த போர்வை

தலைநகரில், கிட்வாய் நகரில் ஒரு தமிழ் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். சமையல், பாத்திரம், வீடு துடைப்பது. அந்த வீட்டு அம்மா பெரிய ஆபீஸில் அதிகாரி. ஒரு சமயம் அவர் படுத்த படுக்கையை விட்டு எழவில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை, மூன்று மாதம் லீவு. திரைச்சீலையை மூடி வைப்பேன். சத்தம் வராமல் பாத்திரம் தேய்ப்பேன். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாதாம். அவர் தேறினார்.

அதன் பிறகு, தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் சேரியில் எங்கள் குடிசையை இடித்தார்கள். வெகு தூரத்தில் ஒரு ஃப்ளாட் கிடைத்தது. தண்ணீருக்கு வெளியே பொதுக் குழாய்தான். என் வீட்டுக்காரர் பழைய குடிசைக்குப் பக்கத்தில் ஜங்புராவில் கார் கழுவுகிறவர். இங்கிருந்து முதல் பஸ் பிடித்துப் போவதற்குள் கார்கள் ஆபீஸுக்குக் கிளம்பிவிடும். வேலை போனது.

அவரும் படுத்தார். சுவர் பக்கம் திரும்பியே கிடப்பார். குளியல் இல்லை, பேச்சு இல்லை. குடிக்கிற மனுஷனும் இல்லை. சோம்பல் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் குழாயடிப் பெண்கள் வாசலில் நிற்கும்போது அவர் போர்வையைப் பிடித்து இழுத்தேன். அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே பேசினேன்.

"ஆம்பளன்னு ஒண்ணு கெடக்கு பாருங்க."

"நவாப் சாப்புக்கு இன்னும் விடியல போல" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் முழங்காலை மடக்கிக்கொண்டார். போர்வையைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் அம்மாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. இதே படுக்கை. அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக் கிடந்தார். அங்கே நோய் என்றேன், இங்கே சோம்பல் என்றேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நோய் வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போய் ஜன்னலில் என் பழைய புடவையைக் கட்டினேன். ரசம் சாதம் பிசைந்து பக்கத்தில் வைத்தேன். நகர்ந்துவிட்டேன்.

வெகு நேரம் கழித்து அவர் கேட்டார்: "என்னா, இன்னிக்குத் திட்டலியா?"



மறுநாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிப் போனேன். குழாயடியில் அதே பெண்கள் நின்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். குனிய வேண்டியவள் நான்.