சூடண்ணன் வீட்டு முதல் கோப்பை

காபிக் கடைக்காரரைத் தெருவே சூடண்ணன் என்றுதான் கூப்பிடும். யாரிடம் கோப்பையை நீட்டினாலும் "பாத்து, சூடு" என்று சொல்லாமல் கொடுக்க மாட்டார். சொல்லிச் சொல்லி அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. ஆளோ நேர் எதிர். யார் என்ன ஏசினாலும் சிரித்துக்கொண்டே நிற்பார். "பேருதான் சூடு, ஆளு ஆறின காபி" என்று வீட்டம்மாவே கேலி செய்வார்.

வாலிபத்தில் அவர் காபிக்கொட்டைக் கிடங்கில் மூட்டை தூக்கினார். கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. ஒருநாள் சூடண்ணன் இறக்கிவைத்த மூட்டையை அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது நனைஞ்சு காஞ்ச மூட்டை. உள்ள பூசணம் பூத்திருக்கும்" என்றார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. மற்றவர்கள் கண்ணைப் பார்த்து மயங்குவார்கள், சூடண்ணன் மூக்கைப் பார்த்து மயங்கிவிட்டார். கல்யாணம் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு வறுக்கும் உருளையும் அரைக்கிற மெஷினும் வாங்கி, வீட்டு முன்னறையிலேயே கடை போட்டார்கள். தூளும் கிடைக்கும், நின்று குடிக்கக் காபியும் கிடைக்கும்.

காபி ஊற்றும்போது கதையும் ஊற்றுவார் சூடண்ணன். ஆடு மேய்த்தவன் ஒருவன், ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்ற ஆடுகள் துள்ளுவதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தான் என்பார். அது கதையாகவே இருக்கட்டும், ஆனால் அந்தக் காலத்துப் பக்தர்கள் ராத்திரிப் பிரார்த்தனையில் தூங்கி விழாமல் இருக்க இதைக் குடித்தது மட்டும் நிஜம் என்பார். அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும். கடவுளை நினைப்பதற்கு உதவிய பொருளை விற்றுத் தம் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிறைவு.

அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. விடியற்காலையில் கொட்டை வறுத்து, ஒரு பிடி அரைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் முதல் கோப்பையை வீட்டம்மா கையில் கொடுப்பார். அதற்கு முன்னால் அந்த அம்மா தண்ணீர்கூடத் தொட மாட்டார். தண்ணீர் பட்டால் நாக்கு மழுங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்து, "சரி" என்றால்தான் கடை திறக்கும். "கொஞ்சம் தீஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டால் அந்த வறுவல் ஓரமாகப் போகும், வேறு வறுக்க வேண்டும். சூடண்ணனுடைய மூக்கும் நாக்கும் இத்தனை வருஷப் புகையில் மரத்துப்போயிருந்தன. கடையின் ருசி அந்த அம்மாவின் நாக்கில்தான் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. மாதா மாதம் உதிரம் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முகம் காகிதம்போல வெளுத்தது. கட்டியை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டு ரத்தம் ஊறட்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார்.

மாத்திரையைச் சூடண்ணன் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முதல் கோப்பையோடு அதையும் சேர்த்து நீட்டுவார். வீட்டம்மா ருசி பார்த்துவிட்டு, மீதிக் காபியில் மாத்திரையை முழுங்கிவிடுவார். மாதங்கள் போயின. ரத்தம் மட்டும் ஏறவே இல்லை. ஆபரேஷன் ஒரு தடவை தள்ளிப்போனது, இன்னொரு தடவையும் தள்ளிப்போனது. கட்டியோ சும்மா இருக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா நேராகவே கேட்டுவிட்டார். "மறைக்காம சொல்லுங்கம்மா. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா, இல்லையா?"

தப்பே செய்யாத வீட்டம்மா தலை குனிந்துகொண்டார். சூடண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன டாக்டரம்மா இப்படிக் கேக்குறீங்க? ஒரு நாள் தவறினதில்ல. நானே எடுத்துக் குடுத்து, அவ முழுங்கினாளான்னு பாத்துட்டுத்தான் கடைக்கதவத் தொறப்பேன்."

பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சாதாரணமாகக் கேட்டார். "எதுல முழுங்குவாங்க? தண்ணியிலதானே?"

"தண்ணியா? விடியக்காலைல எங்க வீட்ல தண்ணிக்கு என்ன வேலை சிஸ்டர்? அன்னன்னிக்கு வறுத்த காபி. பால் கிடையாது, சக்கரை கிடையாது, நல்லாத் திக்கா" என்றார் சூடண்ணன் பெருமையோடு.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூடண்ணன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"ஐயா, அந்த மாத்திரையில இருக்கிற இரும்பைக் காபி பிடிச்சு வச்சுக்கும். உடம்புல சேர விடாது. இத்தனை நாள் போட்ட மாத்திரைல முக்கால்வாசி உடம்புல ஒட்டாமலே வெளிய போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ காபி கெடுதலா?" என்று கேட்டார் சூடண்ணன்.

"அப்படிச் சொல்லலையே. அளவாக் குடிச்சா நல்லதுதான். மாத்திரையோடயும் சாப்பாட்டோடயும் சேத்துக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். விடிஞ்சதும் வெறும் வயித்துல தண்ணியில போடச் சொல்லுங்க. ஒரு ரெண்டு மணி நேரம் போகட்டும், அப்புறம் காபி."

வீடு திரும்பும் வழியெல்லாம் சூடண்ணன் பேசவில்லை.

"என்னங்க, வாய்க்குள்ள கொட்டையா வச்சிருக்கீங்க?"

"என் கையாலேயே உன்னைக் கெடுத்துட்டேனே."

"விஷமா குடுத்தீங்க? காபிதானே. அதுவும் நான் கேட்டுத்தானே குடுத்தீங்க. அந்தச் சிஸ்டர் வாயில கடவுள் அந்தக் கேள்வியக் குடுத்தாரேன்னு சந்தோஷப்படுங்க."

ஆனால் அந்த அம்மாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. விடிந்ததும் தண்ணீரில் மாத்திரை, ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் காபி என்றால் வறுவலுக்கு யார் ருசி பார்ப்பது? அதற்குள் கடையில் பாதி வியாபாரம் முடிந்துவிடுமே.

"நான் பாத்துக்கறேன்" என்றார் சூடண்ணன்.

"உங்க நாக்கா? குழம்புல உப்புப் போட மறந்த அன்னிக்கு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாக்கு."

"கடை போனா வேற கடை போடலாம். நீ போனா நான் எங்க போவேன்?"

ஆபரேஷன் முடிகிறவரை காபியையே தொடுவதில்லை என்று அந்த அம்மா தாமாகவே முடிவு செய்துவிட்டார். அவ்வளவு வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. முதல் சில நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. சூடண்ணன் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "பழகின காபி திடீர்னு நின்னா அப்படித்தான் இருக்கும், தானாப் போயிடும்" என்றார் நர்ஸ். அப்படியே போயும்விட்டது.

போகாதது கடையின் கருகல் வாடைதான். சூடண்ணனே ருசி பார்த்த முதல் நாள், காபியை வாயில் வைத்ததும் கோப்பையைத் தூரப் பிடித்துப் பார்த்தார் டிரைவர் ஐயா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கடைக்கு முதல் ஆளாக வருகிறவர்.

"தம்பி, கொட்டைய வறுத்தியா, இல்ல கடைக்குத் தீ வச்சு அணைச்சியா?"

சூடண்ணன் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் ஐயா மீதிக் காபியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார்.

மறுநாளிலிருந்து ஒருவரும் குறை சொல்லவில்லை. தையல்கார அக்கா முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார். எதிர்வரிசையில் வேறு கடை இருந்தும் அங்கே ஒருவரும் போகவில்லை. டிரைவர் ஐயா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அத்தனை மாதமும் அந்தத் தெரு கசப்பைக் குடித்தே கடையைக் காப்பாற்றியது.

உள்ளே வீட்டம்மாவின் முகத்தில் ரத்தம் தெரிய ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி வந்து சண்டை போடவும் தெம்பு வந்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தேதி குறித்தார். எதற்கும் இருக்கட்டும், ரத்தம் கொடுக்க ரெண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்றார்.

ஆபரேஷன் அன்று கடைக்குப் பூட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெண்டு பேருக்குப் பதிலாக ஒரு கூட்டமே நின்றது. டிரைவர் ஐயா மட்டும் தனியாக முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார் சூடண்ணன்.

"வயசாயிடுச்சாம், என் ரத்தம் வேண்டாமாம். அந்தக் கருகல் காபியக் குடிச்ச உடம்பு தம்பி இது. இதவிட உறுதியான ரத்தம் எங்க கிடைக்கும் இவங்களுக்கு?"

கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. யார் ரத்தமும் தேவைப்படல. அவங்க ரத்தமே போதுமானதா இருந்துச்சு."

சூடண்ணன் வராந்தா மூலையில் போய்க் கண்ணை மூடிக் கைகூப்பினார். முதலில் கடவுளுக்கு நன்றி சொன்னார், அப்புறம் அந்த நர்ஸுக்காக வேண்டிக்கொண்டார். வந்திருந்தவர்களுக்காகவும் ஒவ்வொருவராக வேண்டிக்கொள்ளலாம் என்று தொடங்கினால், பாதிப் பேருடைய பெயரே தெரியவில்லை. ஒவ்வொருவரும் காபி குடிக்கிற விதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அரைச் சர்க்கரைக்காரரை நல்லா வச்சிரு. நுரை வேண்டாம்னு சொல்ற தையல்கார அக்காவை நல்லா வச்சிரு. ஆற வச்சுக் குடிக்கிற அந்த வாத்தியாரை நல்லா வச்சிரு. உனக்கு அவங்க பேரெல்லாம் தெரிஞ்சிருக்கும்.

"ஐயா, கண்ணு முழிச்சிட்டாங்க. உங்களத்தான் கேக்கறாங்க" என்று நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"மிச்சப் பேரை அப்புறம் வந்து சொல்றேன்" என்று கடவுளிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளே ஓடினார்.