சாய்ந்த கப்பலுக்கு ஓர் ஆணி

நான் நேரில் பார்த்த முதல் கப்பல் கரையில் சாய்ந்து கிடந்தது. சங்கரன்கோவில்காரனுக்கு இது பெரிய குறை இல்லை. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீரே வண்டியில்தான் வரும். கப்பலையெல்லாம் காலண்டரில் பார்த்தால் உண்டு.

திருச்செந்தூரில் சொந்தக்காரக் குழந்தைக்கு மொட்டை போட்டு முடிந்ததும், தெற்கே ஒரு சரக்குக் கப்பல் கரை ஒதுங்கிக் கிடக்கிறது என்று வேன் டிரைவர் சொன்னார். வேனிலிருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. இறங்கியதும் நான் சொன்னேன்: "எவ்ளோ பாந்தமா ஸ்டாண்டு போட்டு நிறுத்திருக்கான் பாரு!"

"ஸ்டாண்டு போட அது என்ன மொபட்டா?" என்றாள் மனைவி. "தரை தட்டிக் கெடக்குங்க. மெதுவாப் பேசுங்க, நாலு பேரு பாக்காவ."

கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அழ ஆளில்லாத விபத்து. அதனால் கூட்டம் கூச்சமில்லாமல் சுண்டல் தின்றது, படம் எடுத்தது. மொட்டைக் குழந்தையைக் கப்பலுக்கு முன்னால் நிறுத்தி நானும் எடுத்தேன். மனைவி மட்டும் சேலைக் கரை நனைவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடப் போனபோது, "இதை வரையணும்" என்றாள்.

"நான் கவிதை எழுதப் போறேன்" என்றேன். சும்மா நின்றுவிட்டு வருவது மரியாதை இல்லையே.

எங்கள் கலைப் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பாத்திரக்கடைக்காரன். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்குகிறவர்களுக்குப் பேர் வெட்டித் தருவோம். அதோடு இரண்டு வரி வாழ்த்தும் சேர்த்துத் தருவது என் கடையின் தனிச்சிறப்பு. அதற்கு மேல் குடத்தில் இடம் இருக்காது. மனைவியோ, பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு செல்போனில் பார்த்துப் படம் வரையப் பழகியவள். மயில், கிளி, தாமரை என்று வரைந்தாள். வருகிற சொந்தக்காரர்கள் டீயைக் குடித்தபடி, "நல்லதுதான், ஒனக்கும் பொழுது போவணும்லா" என்பார்கள். படத்தை ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம்கூட யாரும் நின்று பார்த்ததில்லை. அவர்கள் போனதும் அவள் டம்ளர்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

அந்தச் சமயம் திருவேங்கடம் போகிற ரோட்டில் அவள் தம்பி வீடு கட்டிக்கொண்டிருந்தான். உர வியாபாரம். "யக்கா, ஹால்ல பெரிய செவரு ஒனக்குத்தான். ஒன் படத்தைத்தான் மாட்டுவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான். நாலு பேர் வந்து போகிற இடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சுவர். அதில் மயிலை மாட்ட அவளுக்கு மனமில்லை. அந்தக் கப்பலைத்தான் மாட்ட வேண்டும், பார்க்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டும்.

வரைய ஆரம்பித்தாள். துருவின் நிறம் சரியாக வரவில்லை என்று என் கடையிலிருந்து புது இரும்புச் சட்டி ஒன்றை எடுத்துப்போய் உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். தினமும் காலையில் பல் விளக்கும்போது, விற்க வேண்டிய சட்டி வாளிக்குள் துருப்பிடிப்பதை நானும் பார்த்துவந்தேன். என் கவிதையும் ஏறக்குறைய அதே வேகத்தில் வளர்ந்தது. முடித்து வாசித்துக் காட்டினேன்:

"அலையென்னும் மாப்பிள்ளை அழைத்துவந்த பெண்ணே,
கரையென்னும் வீட்டில் கலங்காமல் வாழ்க."

"இதுல எங்கன இருக்கு கப்பலு?" என்றாள்.

"அந்தப் பொண்ணுதான் கப்பலு."

"ஆமா. கீழ தாய்மாமன் பேரையும் போட்டா பத்திரிகை ரெடி."

இத்தனை வருடமாகக் குடத்துக்கு எழுதிய கை, கடலைக் காட்டினாலும் மொய் எழுதத்தான் போகிறது. என் கவிதை அத்தோடு கரை தட்டியது. அதைப் பார்க்க ஒரு கூட்டமும் வரவில்லை.

ஆனால் அவள் படம் நன்றாக வந்துவிட்டது. சாய்ந்த கப்பல், அதன் வயிற்றில் அந்தத் துரு, அடியில் விழுந்த நிழலில் தூங்குகிற ஒரு நாய். ஒரு நாள் கடைக்குப் புறப்பட்டவன் செருப்பு மாட்டாமல் அதன் முன்னால் நின்றுவிட்டேன். அவள் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பால் காய்ப்பு அன்று தம்பி வீட்டு ஹாலில் அன்பளிப்பாக வந்த சுவர்க் கடிகாரங்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் முள்ளைவிடப் பெரிதாக இருந்தது. தம்பி எங்கள் படத்தைப் பிரித்துச் சுவரோடு சாய்த்து வைத்தான். அவனுடைய மாமனார், மிளகாய் வத்தல் மண்டிக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்ன வே இது, கப்பலு சரிஞ்சுல்லா கெடக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல மாமா, வளைவுல திரும்புது" என்றேன். நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

"வளைவுல திரும்புத கப்பலுக்கு அடியில நாய் எப்படிவே படுத்துக் கெடக்கும்?"

ஹாலே சிரித்தது. பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி வாளியோடு வந்துவிட்டாள். "அது தரை தட்டுன கப்பல்தான் மாமா. நேர்ல பாத்து வரைஞ்சேன்."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க தாயி. ஆனா யாவாரம் பண்ணுத வீடு. பாலு பொங்குன அன்னைக்கே தட்டுன கப்பலை மாட்டுவாவளா?"

தம்பி என்னைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், கடைசியாகத் தரையைப் பார்த்து, "யக்கா, மயிலு ஒண்ணு வச்சிருந்தியே, அது இருக்கா?" என்றான்.

அவள் பாயச வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்கே போய்விட்டாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கலைக்குச் சகுனம் ஏது, இந்தக் காலத்திலும் இப்படியா என்று தொடங்கி, சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர்களையும் நிறுத்தி வைத்துப் பேசினேன். மண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டு, "வெத்தலை போடுறீரா வே?" என்றார். படத்தை நாங்களே திரும்ப எடுத்துக்கொண்டோம்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் படத்தைக் குறுக்கே பிடித்திருந்தாள். கரிசல் காட்டுக் காற்று அதில் மோதி வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "நல்லாப் பேசினீங்க. அப்ப நம்ம கடையில மாட்டுவமா?"

நான் ஹாரன் அடித்தேன். எதிரே யாரும் இல்லை.

"கல்லாவுக்கு மேல லட்சுமி இருக்காவளே" என்றேன்.

"எதுத்த செவரு சும்மாதான இருக்கு?"

"அங்கன ஃபேன் காத்து அடிக்கும். பெயிண்டு..."

"அது காஞ்சு எத்தனையோ நாளாச்சு."

கல்லாவில் உட்கார்ந்தால் நாள் முழுக்க என் கண்ணுக்கு நேரே இருக்கப்போகும் சுவர் அது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வியாபாரக் கூட்டம் வரப்போகிறது, அதற்குப் பிறகு மாட்டினால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அந்த மாமாவாவது மொகத்துக்கு நேரச் சொன்னாவ."

மறுநாள் நானே ஆணி அடித்தேன். அடிக்கும்போது லட்சுமி பக்கம் திரும்பவில்லை.

மதியம் சாப்பாடு கொண்டுவந்தவள் வீட்டுக்குத் திரும்பாமல், துடைத்த டம்ளர்களையே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குருவிகுளம் பக்கமிருந்து ஒரு பெண் குடம் வாங்க வந்தாள். ஒரு குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தபடி திரும்பியவள், படத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனாள். நான் விலை சொன்னது அவள் காதில் விழவில்லை.

"யக்கா, இந்தக் கப்பலு எங்கன கெடக்கு?"

மனைவி எழுந்து போய்ச் சொல்ல ஆரம்பித்தாள். கடல், கூட்டம், துரு, நாய் எல்லாம். வந்தவளும் விரலால் தொடாமல் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். பேச்சு நீண்டது. திடீரென்று, "அய்யய்யோ, பஸ்ஸு!" என்று கூவிக்கொண்டு அந்தப் பெண் படியிறங்கி ஓடினாள். குடம் தரையிலேயே இருந்தது.

நான் குடத்தைப் பார்த்தேன். பிறகு கப்பலை. மண்டிக்காரர் முகம் நினைவில் வந்து போனது.

"பாத்தீங்களா," என்றாள் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக. "எவ்ளோ நேரம் நின்னு பாத்தா!"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.