மார்தின் மலையும் என் வயிற்றெரிச்சலும்

சூடாக மெஷினிலிருந்து இறங்கும் வெள்ளைத் துணியின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது...

அகதியாக வந்த புதிதில் பார்க்டேலில் இருந்த காலம். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற ஒரு லோண்ட்ரியில் எனக்கும் ரோஜினுக்கும் ஒரே ஷிஃப்ட். விரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிப்பேன், மற்ற இரண்டை அவள். மடித்து மடித்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவோம். மெஷின் இரைச்சலில், மூலைகள் சேரும் அந்த நொடியில்தான் பேச முடியும். பிறகு அடுத்த விரிப்பு.

அப்படித் துண்டு துண்டாகத்தான் மார்தின் என்ற ஊரை அறிந்தேன். துருக்கியில், சிரியா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மலை, அதன்மேல் பழைய ஊர். ரோஜின் குர்திஷ்காரி. என்னைப் போலவே அகதி வழக்குப் பதிந்துவிட்டுப் பேப்பருக்குக் காத்திருந்தவள். நாங்கள் பேசியது அரைகுறை இங்கிலிஷ்தான், ஆனால் நினைக்கும்போது எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

"பேப்பர் வரட்டும். என்ர ஊரை நான் உனக்குக் காட்டுவன். உன்ர ஊரை நீ எனக்குக் காட்டு."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இருவருக்கும் பேப்பர் வந்து கனகாலத்துக்குப் பிறகு, மூன்று வருஷத்துக்கு முன், என்னையும் என் மனுசனையும் மார்தினுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

போகாமலே இருந்திருக்கலாம்...

தேன் நிறக் கல்லில் வீடுகள். ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டுக்கு முற்றம். கீழே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி. ஒழுங்கைகளுக்குள் கார் நுழையாது, ஊர்க் குப்பையைக் கழுதைகள் சுமக்கின்றன. இதையெல்லாம் பார்க்க வெள்ளைக்காரர் கமராவோடு அலைகிறார்கள்.

ஊர் அழகாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வாசலுக்கு வாசல் "ரோஜின், ரோஜின்" என்று கூப்பிட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பிறந்த அறை அப்படியே இருக்கிறது. தாய் இருக்கிறாள், நடந்து வந்து கட்டிப்பிடிக்கிறாள். என் அம்மா செத்தபோது எனக்குப் பேப்பர் வரவில்லை, லோண்ட்ரியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டு வளவில் அவளுக்குக் காட்டுவதற்கு ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

எனக்குப் பற்றி எரிந்தது. மறைக்கத் தெரியாதவள் நான். படிகள் அதிகம் என்றேன். வெயில் அதிகம் என்றேன். நீல நிறத்தில் சீனி பூசின பாதாம் தந்தார்கள், பல்லுக்குக் கூடாது என்று தள்ளி வைத்தேன். என் மனுசன் காதுக்குள் சொன்னார்:

"இஞ்சரும், உம்மட கண்ணை வைச்சுக்கொண்டு சும்மா இரும். இவ்வளவு நாளும் நிண்ட வீடு, நாங்கள் வந்த அண்டைக்கோ விழ வேணும்?"

அன்று பின்னேரம் சொந்தக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். ரோஜினின் அண்ணன், ஐம்பது வயது, கலியாணம் முடிக்காதவர், மிர்ரா என்ற கோப்பியை ஊற்றிக்கொண்டு வந்தார். கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பை. வேப்பங்காய் தோற்றுவிடும், அவ்வளவு கசப்பு. விருந்தாளிக்குத்தான் முதல் கோப்பை. எனக்குத்தான்.

குடித்தேன். எச்சில் கோப்பையை வீட்டுக்காரரின் கையில் கொடுக்கலாமா? நம் ஆட்கள் யாராவது கொடுப்பார்களா? மரியாதையாகப் பக்கத்தில் கீழே வைத்தேன்.

எல்லாரும் கீழே இருந்த கோப்பையைப் பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

கோப்பையை ஊற்றியவரின் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கீழே வைத்தால் அவரைக் கட்ட வேண்டும், அல்லது அவருக்குக் கலியாணம் செய்து வைக்க வேண்டும். அதுதான் அந்த ஊர் வழக்கம். அண்ணன் வெட்கத்தில் சிவந்துபோனார். என் மனுசன் விடுவாரா?

"அப்ப பிளேனில நான் தனியவோ திரும்பிப் போறது?"

ரோஜின் மொழிபெயர்த்தாள். மறுபடியும் சிரிப்பு. தாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் முப்பது பேர் ஒரே கூரைக்குக் கீழே அவளைச் சுற்றிச் சிரிக்கிறார்கள் என்பதுதான் உள்ளே குத்தியது.

பிறகு நானும் அவளும் மட்டும் மொட்டைமாடியில் நின்றோம். வாய் தவறிவிட்டது என்று சொன்னால் பொய். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

"இவ்வளவத்தையும் வைச்சுக்கொண்டு, என்னத்துக்கு அகதி எண்டு வந்தனி?"

இமிகிரேஷன் விசாரணையில் அவளிடம் கேட்ட அதே கேள்வி. அன்று அவள் அழுதுகொண்டு வேலைக்கு வந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்.

ரோஜின் கோபப்படவில்லை. சமவெளியைப் பார்த்தபடியே சொன்னாள். அண்ணனை இளவயதில் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், வருஷக்கணக்கில் சிறையில் வைத்திருந்து விட்டார்கள், அதற்குப் பிறகு அவர் கலியாணப் பேச்சுக்கே சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பாஷையில் ஒரு சொல் வாய் தவறி வந்தாலும் அடி. அந்த அண்ணனை வைத்துத்தான் நாங்கள் அப்படிச் சிரித்திருக்கிறோம்.

அதோடு அவள் நிறுத்தவில்லை.

"ஸ்காபரோவில உங்கட கடை போர்ட்டுகளைப் பாத்து எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கு தெரியுமே? பல்லு டொக்டர், வீடு விக்கிறவர், சாப்பாட்டுக்கடை... எல்லாம் உங்கட எழுத்தில. உன்னோட பஸ்ஸில வரேக்க நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பன். என்ர ஊரில, என்ர பாஷையில ஒரு போர்ட் நான் கண்டு வளரேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள்...

பார்க்டேல் நாட்களில் எங்கள் இருவரிடமும் ஒன்றுமே இருக்கவில்லை, அதனால் பொறாமையும் இருக்கவில்லை. இப்போது எனக்குப் பிக்கரிங்கில் வீடு, அவளுக்கு இரண்டு ஊர். சண்டை ஒன்றும் இல்லை, கிழமைக்கு ஒருதரம் கதைப்போம்.

போன சனிக்கிழமை மகள் என்னை ஸ்காபரோவுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். பிளாசாவுக்குள் திரும்பியதும் கேட்டாள்: "அம்மா, விச் வன் இஸ் த சாறிக்கடை?"

நேரே முன்னால், ஆளுயர எழுத்தில், தமிழில் சாறிக்கடை என்று எழுதியிருந்தது.

அவள் சின்னனாக இருந்தபோது நான் டபுள் ஷிஃப்ட். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட ஆளில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டதுதான்.

ரோஜினுக்கு இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் தொடர்ந்து பொறாமைப்படட்டும்.