ரேடியேட்டருக்கு ஒரு மண்டபம்

மாடியை வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் விசாரித்ததுண்டா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நேராகக் கேட்டிருக்க மாட்டீர்கள். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது என்று ஊரைச் சுற்றி வந்து, கடைசியில் அவருடைய குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்திருப்பீர்கள்.

2006இல் தாம்பரத்தைச் சுற்றி வீடு தேடிய வெண்ணிலா, இந்தச் சட்டி ஆராய்ச்சியில் தெருத்தெருவாகத் தோற்றாள். கானத்தூர்ப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். அப்பா வீராசாமி கடலுக்குப் போகிறவர். அம்மா அங்காளம்மா கூடை சுமந்து மீன் விற்கிறவர். வெண்ணிலாவின் தொழில், கட்டடம் கட்டும் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் வீடு வரைந்து கொடுப்பது. அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடியை, சோபா, திரைச்சீலை, தரையில் விழும் வெயில், பால்கனியில் காப்பி குடிக்கும் தம்பதி உட்பட, போட்டோ போலவே செய்துவிடுவாள். ஜி.எஸ்.டி. ரோடு நெடுகத் தொங்கிய விளம்பரங்களில் பல வீடுகள் அவள் கட்டியவை. அந்த வீடுகளுக்குள் யாரை வேண்டுமானாலும் அவளால் குடிவைக்க முடிந்தது. செங்கல்லால் கட்டிய வீட்டில்தான் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

கடைசியில் சிட்லபாக்கத்தில் சாம்பசிவன் வீட்டு மாடி அகப்பட்டது. அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் முதல் வரி 'டு லெட்', இரண்டாவது வரி 'சைவம் மட்டும்' என்று தகரப் பலகை. மாடிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த வெக்கைக்குச் சைவம் சாப்பிடுகிற எவரும் வரவில்லை என்பதால் பலகை துருப்பிடித்திருந்தது.

"நான்வெஜ் சமைக்கப்படாது" என்றார் சாம்பசிவன்.

"சமைக்க மாட்டேன், சார்."

இது சத்தியமான வார்த்தை. வெண்ணிலாவுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா டிபன் கேரியரில் கொண்டுவருவதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மீனால் வரவேண்டிய வம்பு சத்தத்தால் வந்தது. அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு படத்தைப் போட்டு முடிக்க மணிக்கணக்காக ஓடும். ஓட ஓடச் சூடேறும். சூட்டைத் தணிக்க உள்ளே இருந்த குட்டி விசிறிகள் எல்லாம் சேர்ந்து அலறும். மீனம்பாக்கத்தில் இறங்கவேண்டிய விமானம் வழிதவறிச் சிட்லபாக்கத்து மாடியில் இறங்குவதுபோல் இருக்கும். அது இறங்கிய இடத்துக்கு நேர் கீழேதான் சாம்பசிவன் மத்தியானம் தூங்கினார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். "ஏம்மா, இங்கே மாவு மில்லா நடத்தறே?"

"கம்ப்யூட்டர் சார்."

"என் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர்தான். அவராத்துல ஒரு சத்தம் கிடையாதே."

"அவர் மெயில் பார்ப்பார், சார். நான் அபார்ட்மென்ட் கட்டறேன்."

"எதை வேணா கட்டு. ஆடி பொறக்கறதுக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா நீ காலி பண்ணணும். ஆடியிலே யாரும் வீடு மாற மாட்டா."

ஏன் மாறக்கூடாது என்று எந்த வீட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்கள். கூடாது என்பார். ஏன் கூடாது? அதான் கூடாதே! இந்த நாட்டில் இதற்குப் பெயர் காரணம்.

வெண்ணிலா காலண்டரைப் பார்த்தாள். மறுபடியும் தெருத்தெருவாக அலைந்து, மறுபடியும் சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"மெஷின் சூடு தாங்கலப்பா. கத்துது."

"நம்ம போட் எஞ்சின் இன்னா பண்ணுது?" என்றார் வீராசாமி. "கடல் தண்ணிய உறிஞ்சிகினு சைடுல மூத்திரம் போவுதுல்ல? அதான் சூடாவறதில்ல. உன்து மூத்திரம் போவுதா?"

"இல்லப்பா."

"அப்ப கத்தாம இன்னா பண்ணும், பாவம்!"

அன்றைக்கே அவள் இன்டர்நெட்டில் தேடினாள். வெளிநாட்டில் எவனெவனோ கார் ரேடியேட்டரை வைத்துக் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். பழைய இரும்புக் கடையில், கார் ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்கள் இரண்டு கிடைத்தன. இரண்டும் புத்தம் புதிதாக மின்னின. சென்னையில் எந்தப் பைத்தியக்காரன் காருக்குள் ஹீட்டர் போடுவான்? தண்ணீரைச் சுற்றி ஓடவைக்க மீன்தொட்டி பம்ப் ஒன்று வாங்கினாள். அந்தச் சைவ வீட்டுக்குள் அவள் பகிரங்கமாகக் கொண்டுவந்த மீன் சமாசாரம் அது ஒன்றுதான். குழாய் துருப்பிடிக்காமலிருக்கக் காருக்கு ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட். மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள் இரண்டு. சூட்டை அறைக்குள் விட்டால் அவளே வெந்துவிடுவாள். அதனால் ரேடியேட்டர்கள் மாடிப்படி ஏறியதும் வருகிற பால்கனியில் இருக்கட்டும், குழாய்கள் ஜன்னல் வழியே வரட்டும் என்று முடிவு செய்தாள். மழைக்கும் காக்கைக்கும் ஒரு மரப்பெட்டி வேண்டியிருந்தது.

இரும்புலியூரில் தச்சுப்பட்டறை வைத்திருந்த எலியேசரிடம் படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினாள். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"காத்து போணும். மழ பூரக் கூடாது. அவ்ளோதானே? ரெடியா ஒண்ணு கீது, வா."

உள்ளே நின்றது ஒரு பூஜை மண்டபம். தேக்கு. சன்னமாகக் கடைந்த தூண்கள், நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டை போட்ட இரட்டைக் கதவு. ஆர்டர் கொடுத்தவர் வீட்டுக்கு வாஸ்து ஜோசியர் வந்து, அகலம் ஒரு இஞ்ச் ராசியில்லை என்றாராம். அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வெண்ணிலா டேப் வைத்து அளந்தாள். ரேடியேட்டர்களுக்கு அந்த அகலம் மிகவும் ராசியாக இருந்தது.

"பின்பக்கம் பலகை வேணாம், வலை அடிச்சிடுங்க, அண்ணா. விசிறிக்கு அடியில ரப்பர். மேல இருக்கற கலசத்தை எடுத்துடுங்க."

"கலசத்த எடுத்தா மொட்டையா பூடும். என் பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

"நீங்க கிறிஸ்டியன்தானே அண்ணா?"

"நானு கிறிஸ்டியன். மரம் இன்னா ஞானஸ்நானமா வாங்கிச்சு? உள்ள இன்னா வெக்கப் போற?"

"கார் ரேடியேட்டர்."

"வெச்சிக்கோ. போன வருசம் ஒருத்தர் இன்வெர்ட்டர் வெச்சாரு."

கலசத்தோடுதான் வந்தது. ரேடியேட்டர்களைப் பொருத்தி, விசிறிகளை மாட்டி, மின்சாரம் வருகிறதா என்று தெரிய உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்து, வெண்ணிலா கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டால் மட்டும் ஒரு மெல்லிய ரீங்காரம்.

ஆடி பிறந்த அன்று மத்தியானம் சாம்பசிவன் நன்றாகத் தூங்கி எழுந்தார். தூக்கம் வந்ததே சந்தேகத்துக்கு இடம் கொடுக்க, மாடி ஏறி வந்தார். பால்கனியில் மண்டபம். கதவின் நட்சத்திர ஓட்டைகளுக்குள்ளே சிவப்பாக ஒரு சுடர். அவர் முகத்தில் இதமான வெப்பக் காற்று பட்டது. உடனே செருப்பைக் கழற்றினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆடியிலே நல்ல காரியம் பண்ணியிருக்கே."

"சார், இது வந்து..."

"சத்தமே இல்லை பாரு! எல்லாம் இது வந்த நேரம்."

வெண்ணிலா யோசித்தாள். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூடாமல் என்ன செய்வாள்? உள்ளதைச் சொன்ன வீடுகளில் எல்லாம் கதவைச் சாத்தினார்கள். சொல்லாமல் விட்ட ஒரே வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள்.

மறுநாள் சாம்பசிவனின் மனைவி அபிதகுஜாம்பாள் கோலப்பொடியோடு வந்தார். அடுத்த நாள் பக்கத்து வீட்டு சுப்பராயலு கற்பூரத்தோடு வந்தார். கதவைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாத்திய சன்னதியைக் கண்டவர்கள் கையால் திறக்கலாமா? வெண்ணிலா பெரிய படம் போடும் நாட்களில் காற்று அனலாக அடித்தது. "இன்னிக்கு உக்கிரமா இருக்கார்" என்று தயிர்சாதம் வைத்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்த நாளில் "சாந்தமாயிட்டார்" என்று சுண்டல் வைத்தார்கள். அபார்ட்மென்ட் வேலை மும்முரமாக நடந்த வாரத்தில் வெண்ணிலாவுக்குத் தயிர்சாதம் அலுத்துப்போயிற்று.

தொல்லை பூவால் வந்தது. கதவிடுக்கில் செருகிய மல்லிகையை விசிறி உள்ளே இழுத்து ரேடியேட்டரில் அப்பியது. பக்தி ஏற ஏறக் கம்ப்யூட்டர் சூடாகித் தானாக அணைந்தது. வெண்ணிலா தினமும் இடுக்கியால் இதழ் பொறுக்கினாள்.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, அவள் படங்களை சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி மாடிப்படி ஏறினாள். கலசத்தில் யாரோ முழ முழமாகச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலை சரிந்து, பின்பக்கக் குழாயை இழுத்திருந்தது. மண்டபத்தின் அடியிலிருந்து பச்சை நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. சாம்பசிவன் அதைப் பஞ்சபாத்திரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அபிதகுஜாம்பாள் உள்ளங்கையைக் குழித்து நீட்டியிருந்தார்.

"துளசி வாசனையே வருது பாரு, அபிதா" என்று சாம்பசிவன் உத்தரணிக் கரண்டியை எடுத்தார்.

அந்தப் பச்சைத் தண்ணீர் லேசாகத் தித்திக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இதுவும் வெண்ணிலாவுக்குத் தெரியும், வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்பதும் தெரியும். அவள் கடைசி மூன்று படிகளையும் ஒரே தாவாகத் தாவிப் பஞ்சபாத்திரத்தைத் தட்டிவிட்டாள். அது படிகளில் உருண்டு கணகணவென்று கீழே போய்ச் சேர்ந்தது.

"குடிக்காதீங்க! விஷம்! அது கார் கூலன்ட்!"

மண்டபக் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டாள். உள்ளே இரண்டு ரேடியேட்டர்கள், சாமந்தி இதழ் சூடிக்கொண்டு, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

அபிதகுஜாம்பாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன்னா, இத்தனை நாளா மோட்டார் காருக்கா சுண்டல் பண்ணச் சொன்னேள்?" என்றார்.

"ஏமாத்திட்டே! நீ உடனே காலி பண்ணு!" என்று கத்தினார் சாம்பசிவன்.

"ஆடி, சார்" என்றாள் வெண்ணிலா.

அபிதகுஜாம்பாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள் வெண்ணிலா, போவதுதான் போகிறது என்ற தைரியத்தில். "நான் மீன் சாப்பிடுவேன், மாமி."

"அது தெரியாதாக்கும்! உங்கம்மா வந்துட்டுப் போனா இந்தத் தெருப் பூனையெல்லாம் நம்ம மாடிப்படியிலே படிக்கொண்ணா உட்கார்ந்திருக்குமே. பூனை என்ன சுண்டலுக்கா வரும்?" என்றவர் கணவரிடம் திரும்பினார். "விஷத்தைக் கையிலே விடப் பார்த்தேள் நீங்க. தட்டிவிட்டவ அவ. யாரைக் காலி பண்ணச் சொல்றேள்?"

சாம்பசிவன் கீழே போய், அந்தத் தகரப் பலகையைத் துடைத்து மறுபடி வாசலில் மாட்டினார். மீதி ஆடி முழுவதும் ஒருவரும் வரவில்லை. ஆவணி பிறந்து வெக்கை தணிந்ததும் வந்தார்கள். உத்தமமான சைவர்கள். வந்தவர்களை எல்லாம் அபிதகுஜாம்பாளே மாடிக்கு அழைத்துப் போனார். மண்டபத்தின் முன் நிறுத்தி, கைகூப்பி, "இது இங்கேயேதான் இருக்கும். மத்தியானம் மூச்சு விடும். பச்சையா ஒழுகினா மட்டும் குடிச்சுடாதீங்கோ" என்றார். கீழே இறங்கும்போது ஒரு குடும்பம் செருப்பையே மறந்துவிட்டுப் போயிற்று.

பிறகு ஒரு நாள் அபிதகுஜாம்பாள் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பலகையின் இரண்டாவது வரியைத் தேய்த்து எடுத்தார். முதல் வரியை அழிக்க அவசியம் இருக்கவில்லை. பலகையையே கழற்றி எலியேசரிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் அதை வளைத்து, மண்டபத்தின் பின்புறம் சாரல் அடிக்காமல் தடுப்பாக அடித்துக் கொடுத்தார். வெண்ணிலா அந்த மாடியிலிருந்தே இன்னும் பல அடுக்குமாடிகளைக் கட்டினாள். ஒன்றின் படிக்கட்டில், யாரும் கேட்காமலே, வரிசையாகப் பூனைகளை உட்கார வைத்தாள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பலகை தொங்கும். உங்கள் வாசலிலேயேகூடத் தொங்கலாம். ஒரு கந்தல் துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். போய் அந்த இரண்டாவது வரியை அழித்துவிட்டு வாருங்கள்.